எடை குறைக்கும்போது உடற்பயிற்சி: எதற்கு, எவ்வளவு, எப்படி

எடையைக் குறைக்க முடிவு செய்பவர்களில் பலர் முதல் நாளே ஓடக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து எடை மெஷினில் முள் அசையவில்லை என்றதும் ஷூவைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். பயிற்சியால் ஆகாத வேலையை அதனிடம் எதிர்பார்ப்பதால் வரும் ஏமாற்றம் இது. கிலோவை இறக்குவது பெரும்பாலும் தட்டில் இருக்கும் சாப்பாடுதான். இறங்குகிற கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, இறங்கிய எடை திரும்ப ஏறாமல் நிற்குமா என்பதெல்லாம் உடற்பயிற்சியின் கையில் இருக்கிறது. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் வாரத்தில் எந்த நாளில் என்ன செய்வது என்பதில் குழப்பம் வராது.

முதலில் எண்களைப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 45 நிமிடம் வேகமாக நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்தபின், கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 150 முதல் 180 கலோரி. வாரம் ஐந்து நாள் நடந்தால் 800 கலோரிக்கு அருகில் வரும். அதாவது நடையை மட்டும் நம்பினால் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஒன்பது, பத்து வாரம் ஆகும். அதே ஆள் தினசரி சாப்பாட்டில் 500 கலோரி குறைத்தால் இரண்டு வாரத்துக்குச் சற்று மேலே போதும். ஒரு டின் இனிப்புப் பானத்தில் 140 கலோரி வரை இருக்கும். நடந்து முடித்த தாகத்தில் அதைக் குடித்தால் அன்றைய கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியானால் பயிற்சி எதற்கு?

தசைக்காக. சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கும்போது, இறங்குகிற எடையில் ஏறக்குறைய கால்பங்கு கொழுப்பு அல்லாத திசுவாக இருக்கும். 10 கிலோ குறைந்தால் இரண்டு, இரண்டரை கிலோ அப்படிப் போகிறது, தசையும் அதில் அடக்கம். பிறகு எடை திரும்ப ஏறினால் வருவது பெரும்பாலும் கொழுப்பு. இப்படி இரண்டு மூன்று முறை இறங்கி ஏறினால், எடை மெஷின் பழைய எண்ணையே காட்டினாலும் உடம்பில் தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்கும். படி ஏறினால் மூச்சு வாங்கும், தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது பெரிய இழப்பு. எடையைத் தூக்கி, இழுத்து, தள்ளிச் செய்யும் வலுப் பயிற்சி இந்த இழப்பைப் பெருமளவு தடுக்கிறது.

இங்கே ஒரு மிகைப்படுத்தலையும் சொல்ல வேண்டும். தசை கூடினால் தூங்கும்போதும் கலோரி எரியும் என்பார்கள். எரியும்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போது ஒரு கிலோ தசை நாளொன்றுக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. அதற்காகத் தசையைக் காப்பாற்ற வேண்டியதில்லை. சர்க்கரையை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் மிகப் பெரிய உறுப்பு தசை என்பதுதான் உண்மையான காரணம். வேலை செய்கிற தசை, இன்சுலின் சரியாக இயங்காதவர்களின் உடம்பிலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எடை மெஷின் காட்டாத இன்னொரு பலன் வயிற்றுக்குள் இருக்கிறது. ஈரலையும் குடலையும் சுற்றிப் படியும் உட்கொழுப்பு, மொத்த எடை அவ்வளவாகக் குறையாத போதும் பயிற்சியால் குறைகிறது. ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை எல்லாம் முதல் சில வாரங்களிலேயே மாறத் தொடங்கும். 2002-இல் அமெரிக்காவில் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வு நல்ல உதாரணம். நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களுக்கு அதில் கொடுத்த இலக்கு எளிமையானது: 7 சதவீதம் எடை குறைப்பு, வாரம் 150 நிமிடம் நடை. அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 31 சதவீதம்.

தொடங்கும் முன்

நடந்தால் நெஞ்சில் இறுக்கம், மயக்கம், அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு வருபவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளைகிளசைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பயிற்சி நேரத்திலும் அதற்குப் பிந்தைய பல மணி நேரத்திலும் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். தொடங்கும் முன் ரத்தச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். எடை இறங்க இறங்க சர்க்கரை மாத்திரையும் பி.பி. மாத்திரையும் தேவைக்கு அதிகமாகிவிடலாம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவது அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை மாற்றச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள்.

வாரம் இரண்டு நாள் வலுப் பயிற்சி

நேரம் குறைவாக இருந்தால் நடையைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரம் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. ஒரே தசைக்குத் திரும்ப வேலை கொடுக்கும் முன் 48 மணி நேரம் விடுங்கள். ஒரு முறைக்கு 30, 35 நிமிடம் போதும். ஜிம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு உறுதியான நாற்காலியும், தோளில் மாட்டும் பையும், தண்ணீர் பாட்டில்களும் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் பையின் எடையைச் சரியாக ஏற்றி இறக்கலாம்.

முதல் பயிற்சி நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. எளிதாகத் தெரியும், தவறாகச் செய்பவர்கள்தான் அதிகம். நாற்காலியின் பின்பக்கம் சுவரில் முட்டியிருக்கட்டும், வழுக்காது. பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, விரல்நுனி சற்று வெளிப்பக்கம் பார்க்க நில்லுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். புட்டத்தைப் பின்னுக்குத் தள்ளியபடி மனதில் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். இருக்கையைத் தொட்டதும் பாரத்தை விட்டுவிடாமல் உடனே எழுங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். பாரம் முழுப் பாதத்திலும் இருக்க வேண்டும், குதிகால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. முழங்கால்கள் ஒன்றை ஒன்று நோக்கி உள்ளே சாய்ந்தால் கால் கட்டைவிரல் திசையிலேயே அவற்றை வெளியே தள்ளிப் பிடியுங்கள்.

முட்டி வலிக்கிறது என்று இதை விடுபவர்களில் பலர், கடைசி நான்கு அங்குலத்தில் பொத்தென்று விழுகிறவர்கள். இருக்கையில் ஒரு தடித்த மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். விழாமல் இறங்க முடிகிற உயரத்தில் இரண்டு மூன்று வாரம் செய்துவிட்டு மெத்தையை எடுத்துவிடலாம். 12 முறை தடங்கலின்றி வந்துவிட்டால் மூன்று கிலோ பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு ஐந்து கிலோ, எட்டு கிலோ.

இரண்டாவது தண்டால். தரையில் தொடங்க வேண்டாம். சுவரிலிருந்து கை நீளத் தூரத்தில் நின்று, உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் ஊன்றி, குதிகாலிலிருந்து தலைவரை உடம்பு ஒரே கோடாக இருக்கும்படி சாய்ந்து எழுங்கள். இடுப்பு மட்டும் முன்னால் தொங்கினால் வயிறு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சுவர் எளிதானதும் அசையாத மேஜை, அடுத்து கட்டில் விளிம்பு, கடைசியாகத் தரை.

மூன்றாவது, பையை இழுப்பது. ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மறு கையில் தொங்கும் பையை முழங்கை இடுப்பை நோக்கிப் போகும்படி இழுங்கள். தோள் காதை நோக்கி ஏறினால் பை கனமாகிவிட்டது.

நான்காவது, தரையிலிருந்து பையைத் தூக்குவது. முதுகை வளைத்துத் தூக்குவதுதான் இடுப்புப் பிடிப்புக்கு வழி. முட்டியைச் சற்று மடக்கி, கார் கதவைப் பின்பக்கத்தால் சாத்துவது போல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகு நேராக இருக்க இறங்கி, பையைக் காலோடு ஒட்டியபடி எழுங்கள். தொடையின் பின்புறம் இழுபட்டால் சரியாகச் செய்கிறீர்கள். அடிமுதுகு இழுபட்டால் பையின் எடையைக் குறைத்து, ஒரு ஸ்டூல் மேல் வைத்து அங்கிருந்து தூக்குங்கள்.

கடைசியில் முன்கைகளையும் கால்விரல்களையும் தரையில் ஊன்றி, உடம்பைப் பலகை போல் நேராகப் பிடிக்கும் பிளாங்க், 20 விநாடி, மூன்று முறை.

முதல் இரண்டு வாரம், பிளாங்க் தவிர மற்ற ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்). பிறகு மூன்று செட். செட்டுகளுக்கு நடுவே ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓய்வு. கடுமை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் மிக முக்கியம். செட்டை முடிக்கும்போது, இன்னும் இரண்டு மூன்று தடவைதான் ஒழுங்காக வரும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். இன்னும் பத்து வரும் என்றால் பை போதவில்லை. சாப்பாடு குறைந்திருக்கும் காலத்தில், பயன்படாத தசையை வைத்துக்கொள்ள உடம்புக்குக் காரணமே இல்லை. பையின் எடையைக் குறைத்து, எண்ணிக்கையை ஐம்பது அறுபது என்று கூட்டினால் வியர்க்கும், தசையைக் காக்கும் வேலை அரைகுறையாகவே நடக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள், ரத்த அழுத்தம் அந்த நொடியில் வெகுவாக ஏறும். மறுநாள் தசை வலிப்பது இயல்பு, மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்தும் வலி இயல்பு அல்ல.

எடை குறைக்கும் காலத்தில் தசை பெரிதாகாவிட்டாலும் பரவாயில்லை. போன மாதம் தூக்கிய பையை இந்த மாதமும் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். அதற்காக ஒரு நோட்டில் தேதி, பையின் எடை, எண்ணிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள்.

மற்ற நாட்களில் நடை

இலக்கு வாரம் 150 நிமிடம், போகப் போக 300. வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. பி.பி.க்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது என்பதால் அவர்களுக்கும் இந்த அளவுகோல்தான் சரி.

முதல் வாரம் 20 நிமிடம், ஐந்து நாள். ஒவ்வொரு வாரமும் அன்றாட நடையில் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். முதலில் நேரம், பிறகு வேகம். இரண்டையும் ஒன்றாகக் கூட்டுவதால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலியும், காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகாலில் குத்தலும் வருகின்றன. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும், தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லை என்பதற்காகக் கால் தயார் என்று நினைக்கக் கூடாது. வலி வந்தால் ஒரு வாரம் நேரத்தைப் பாதியாக்குங்கள். எடை மிக அதிகமாக இருப்பவர்களும் முட்டித் தேய்மானம் உள்ளவர்களும் சைக்கிள், நீச்சல், இடுப்பளவு தண்ணீரில் நடப்பது என்று மாற்றிக்கொள்ளலாம்.

45 நிமிடம் ஒரே மூச்சில் கிடைக்காதவர்கள் மூன்றாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10, 15 நிமிடம் நடந்தால், சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையும் தணியும். ஆறு வாரம் ஆனபின் வாரத்தில் ஒரு நாள், ஒரு நிமிடம் மிக வேகம், இரண்டு நிமிடம் நிதானம் என்று எட்டு முறை மாற்றி மாற்றி நடக்கலாம். நடையும் வலுப் பயிற்சியும் ஒரே நாளில் வந்தால் வலுப் பயிற்சி முதலில்.

வெறும் வயிற்றில் நடந்தால் அதிகக் கொழுப்பு கரையும் என்பதை நம்பிப் பசியோடு தவிக்க வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரிந்தாலும், மொத்தச் சாப்பாடு ஒன்றாக இருந்தால் வாரக் கணக்கில் கரையும் கொழுப்பில் வித்தியாசம் வருவதில்லை. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பதும் அப்படித்தான். கொழுப்பு எங்கிருந்து முதலில் போகும் என்பது மரபணுவும் ஹார்மோனும் முடிவு செய்வது. பிளாஸ்டிக் உறை சுற்றி வியர்க்க வைத்துக்கொண்டால் போவது தண்ணீர், வெப்பத்தில் மயங்கி விழும் ஆபத்தும் உண்டு.

சாப்பாட்டில் இரண்டு விஷயம்

ஒன்று புரதம். எடை குறைக்கும் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவை. 70 கிலோ ஆளுக்கு 84 முதல் 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம் என்று கணக்கிட்டு மூன்று வேளைக்கும் பிரியுங்கள். பலரும் இரவில் மட்டும் புரதம் சாப்பிட்டுக் காலையும் மதியமும் மாவுச்சத்தில் ஓட்டுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது. உடல் பருமன் அதிகமாக இருப்பவர்கள் இப்போதைய எடைக்குப் பதில் இலக்கு எடையை வைத்துக் கணக்கிட்டால் போதும்.

இரண்டாவது, கைக்கடிகாரம் காட்டும் கலோரியை நம்பி அதைத் திரும்பச் சாப்பிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகக் காட்டின. கலோரியில், இருப்பதிலேயே துல்லியமான கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது.

எப்படி அளப்பது

பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடை நிற்கலாம், அரைக் கிலோ ஏறவும் செய்யலாம். பழக்கமில்லாத வேலையால் தசையில் ஏற்படும் சிறு காயம் ஆற, அங்கே தண்ணீர் சேர்கிறது. தசையில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (தசை சேமித்து வைக்கும் சர்க்கரை) சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பலர் கைவிடுவது இந்த வாரங்களில்தான், அதே நேரம் உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்.

காலையில் சிறுநீர், மலம் கழித்தபின், எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். தனி நாளைப் பார்க்காமல் ஏழு நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிலக்கு வருபவர்கள் போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டேப் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்டபின், டேப் தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். எடை நின்று, சுற்றளவு குறைந்தால் எதையும் மாற்ற வேண்டாம். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் இறங்குவது நல்ல வேகம். அதைவிட வேகமாக இறங்கினால் தசையும் சேர்ந்து போகும்.

நான்கு வாரம் சராசரியும் சுற்றளவும் இரண்டுமே நின்றால், பயிற்சியைக் கூட்டும் முன் போனில் அன்றாட அடிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். காலையில் கடுமையாகப் பயிற்சி செய்துவிட்டு மீதி நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது, தெரியாமலே நடக்கும் ஒன்று. அடுத்து தூக்கத்தைப் பாருங்கள். 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு கலோரியில் இருந்த அதே ஆட்கள் எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்தபோதும் ஐந்தரை மணி நேரம் இருந்தபோதும் ஒரே மாதிரி எடை இழந்தார்கள். குறைந்த தூக்கத்தில் இழந்த கொழுப்பு மட்டும் பாதிக்கும் குறைவு. அதன் பிறகே தட்டில் உள்ள அளவைத் திரும்ப எடை போட்டுப் பாருங்கள்.

இலக்கு எடையை அடைந்த பிறகு

பயிற்சியின் பங்கு இங்கேதான் மிகப் பெரியது. எடை குறைந்த உடம்புக்கு முன்பைவிடக் குறைந்த கலோரி போதும், ஆனால் பசி கூடியிருக்கும். அந்த இடைவெளியைச் சாப்பாட்டைக் குறைத்தே வருடக்கணக்கில் சமாளிப்பது மிகக் கடினம். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது ஏறாமல் வைத்திருந்தவர்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தவர்கள், அதில் அதிகம் பேர் தேர்ந்தெடுத்தது நடை.

ஆகவே எடை குறைக்கும் மாதங்களிலேயே நடையை 20 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இலக்கை அடைந்ததும் தினசரிச் சாப்பாட்டின் அளவை 100 கலோரி கூட்டி, இரண்டு வாரம் சராசரியைப் பார்த்து, எடை நிற்கும் அளவைக் கண்டுபிடியுங்கள். வேலைப்பளு, பயணம் என்று வலுப் பயிற்சிக்கு வாரம் ஒரு நாள்தான் கிடைக்கிறதென்றால் செட்டுகளைக் குறைத்துக்கொள்ளலாம். பையில் இருக்கும் எடையை மட்டும் குறைக்காதீர்கள். எடை அப்படியே இருந்தால் சேர்த்த வலுவை வாரம் ஒரு முறையிலேயே பல மாதம் காப்பாற்றலாம்.